ஆண்டு மலர் போடப் போகிறீர்களா? முதலில் பெயர்ப்பட்டியலைத் தொடுங்கள்

அரசுப் பள்ளியில் மாணவர்களை வைத்து ஓர் ஆண்டு மலர் கொண்டுவந்ததில் என் சொந்தப் பணம் 18,500 ரூபாய் போனது. பணத்தைக்கூட விட்டுவிடலாம். யாருக்காக அதைப் போட்டோமோ அந்த 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போன பிறகுதான் புத்தகம் வந்து சேர்ந்தது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். அச்சு வேலையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் “அதெல்லாம் பிரஸ்காரரே பாத்துக்குவார் டீச்சர்” என்ற ஒரே பதில்தான் வந்தது. அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தை வரிசையாகச் சொல்கிறேன். அடுத்து இறங்குகிறவர்களுக்கு உதவும்.

மலருக்கு முன்பே எங்களிடம் ஒரு மாத இதழ் இருந்தது. 2022-இல் பள்ளிக் கல்வித் துறை 4, 5 வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9 வரை ‘தேன்சிட்டு’ என்று சிறார் இதழ்களைக் கொண்டுவந்தது. தேன்சிட்டு வந்ததும் பிள்ளைகள் போட்டி போட்டுப் படித்தார்கள். படித்து முடித்த ஒரு பையன், “நம்ம ஊரு சமாச்சாரம் இதுல வராதுங்களா மிஸ்?” என்று கேட்டான். அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் இதழ். ஏ3 தாளின் இரண்டு புறமும் அச்சிட்டு நடுவில் மடித்தால் ஏ4 அளவில் நான்கு பக்கம். ஹைடெக் லேபில் தட்டச்சு, கடைத்தெருவில் ஜெராக்ஸ். ஒரு பிரதிக்கு ஐந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். 9-ஆம் வகுப்பும் 11-ஆம் வகுப்பும் சேர்ந்த குழு. நாங்கள் மலர் போட்ட ஆண்டில் 11-க்கும் பொதுத்தேர்வு இருந்தது, அதனால் ஜனவரியோடு பாதிக் குழு காணாமல் போனது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆகிவிட்டதால், இனி குழு அமைப்பவர்கள் 11-ஆம் வகுப்பைத் தயங்காமல் நம்பலாம்.

மாத இதழ் இல்லாமல் நேராக மலரில் இறங்காதீர்கள் என்பது என் முதல் ஆலோசனை. எழுத்துப் பழக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு 9-ஆம் வகுப்புப் பெண், தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்குப் போனதால் அவள் அப்பா பெட்டிகளை ரோட்டோரமே கொட்டிவிட்டு வந்ததை எழுதினாள். மண்டியில் கணக்கு எழுதுகிறவரின் மகன் அதே குழுவில் இருந்தான். “அவ்ளோ கம்மியா எல்லாம் போகல” என்று சண்டைக்கு வந்துவிட்டான். இரண்டு பேரையும் பாலக்கோடு சந்தைக்கே அனுப்பினேன். திரும்பி வந்து, விவசாயிக்குக் கிடைத்த விலை ஒன்று, அன்றைக்கே மளிகைக் கடையில் விற்ற விலை ஒன்று என இரண்டையும் போட்டார்கள். அதற்குப் பிறகு எந்தச் செய்தியானாலும் “யார்கிட்ட கேட்ட?” என்று ஒருவரை ஒருவர் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. வயலில் சாய்ந்து கிடந்த ஒரு நடுகல்லைப் பற்றி ஒருவன் எழுதினான். தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பார்த்து, இது எப்படிப்பட்டது என்று கேட்டுவந்தபின்தான் அவனை அச்சுக்கு விட்டார்கள். மலரில் என்னைக் காப்பாற்றியது இந்தக் கேட்டுப் பார்க்கும் புத்திதான்.

சரி, மலருக்கு வருகிறேன். 80 பக்கம், 500 பிரதி என்று முடிவு. தருமபுரியில் ஓர் அச்சகம் 62,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் தந்தது. ஒரே தாளில் இரண்டே வரி: ‘ஆண்டு மலர் 500 பிரதி, மல்டி கலர்.’ அச்சகத்துக்காரர் அட்வான்ஸ் 25,000 வாங்கிக்கொண்டு, “மேடம், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, பொங்கலுக்கு புக்கு உங்க கையில” என்றார். அப்போது நவம்பர். அவரே அச்சிடப் போவதில்லை, சிவகாசிக்கு அனுப்பித்தான் வாங்கப் போகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அனுப்புவது தப்பில்லை, நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பம் வெளியிடுவதில் தொடங்கி டிசம்பர் முடிய காலண்டர், டைரி வேலைதான். மார்கழி முடியும்வரை எங்கள் 500 பிரதியை அங்கே யாரும் சீண்டக்கூட மாட்டார்கள். ஆகஸ்டுக்குள் எல்லாம் பேசி முடித்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பெரும்பகுதியை அனுப்பியிருந்தால் நிலைமையே வேறு. முடியாவிட்டால் ஜனவரிக் கடைசிதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, அதற்கேற்ப விழாத் தேதியை வையுங்கள். பொங்கலுக்கு என்று எந்த அச்சகம் சொன்னாலும் எந்தப் பொங்கல் என்று கேட்டுவிடுங்கள்.

கொட்டேஷனில் என்னென்ன இருக்கவேண்டும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். உள்தாள் என்ன, எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), ரேப்பர், அதாவது மேலட்டை, எத்தனை ஜி.எஸ்.எம்., லேமினேஷன் மேட்டா கிளாஸா, நடுவில் பின் அடிக்கும் சென்டர் பின்னா, முதுகில் பசை போட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கா, ஜி.எஸ்.டி. சேர்த்தா தனியா, லாரி வாடகை யார் தலையில், பிழையாக அச்சானால் மறு அச்சுச் செலவு யாருடையது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அது எழுத்தில் இல்லாததால்தான் எனக்குக் கைப்பணம் போனது.

இன்னொன்று, பாரக் கணக்கு. ஒரே பெரிய தாளின் இரண்டு புறமும் அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுப்புதான் பாரம். எங்கள் ஏ4 அளவு மலரை 16 பக்கம் ஒரு பாரமாக அச்சிட்டார்கள். 80 பக்கம் என்றால் 5 பாரம். கடைசி நேரத்தில் ஒருவர் கவிதை, இன்னொருவர் வாழ்த்து என்று 82 பக்கம் ஆனால், அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனியாக பிளேட் (அச்சுத் தகடு) போடவேண்டும். கறுப்பு வெள்ளைப் பாரத்தில் தாளின் ஒரு புறத்துக்கு ஒரு பிளேட் போதும், கலர் என்றால் நான்கு. அதனால் கலர் பக்கங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறவிடாமல் ஒரே பாரத்தில் சேர்த்துவிடுங்கள். எங்கள் வகுப்புப் படங்கள் அத்தனையும் ஒரே 16 பக்கத்தில் அடங்கின. இந்தக் கணக்கைப் போட்டது நான் இல்லை, 11-ஆம் வகுப்பு வணிகவியல் பிரிவுப் பெண் ஒருத்தி. பழைய காலண்டர் தாளை மடித்து, ஓரத்தில் எண் போட்டு, வெட்டி விரித்து, எந்தப் பக்கம் எதனோடு ஒரே புறத்தில் வருகிறது என்று மேசையில் காட்டினாள். அச்சகத்துக்காரரே, “இந்தப் பாப்பாவ எங்கிட்ட வேலைக்கு அனுப்புங்க” என்றார்.

படம் எடுத்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது என்றாலும், பல் உருவாகும் வயதில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் இன்னும் வகுப்பில் இருக்கிறார்கள். பல்லில் பழுப்புக் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. போட்டோகிராஃபர் “சிரிங்கம்மா” என்று சொன்னதும் இரண்டாம் வரிசையில் கை வாயை நோக்கி எழுந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டு சிரிக்கும் முகங்கள் வகுப்புக்குப் பத்தாவது இருக்கும். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார், “கம்ப்யூட்டர்ல எல்லார் பல்லையும் வெள்ளையாக்கிடறேன் டீச்சர், எக்ஸ்ட்ரா எதுவும் வேணாம்.” எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. குழுவில் பெரிய வாக்குவாதம். ஒரு பெண், “வெள்ளையாக்குங்க மிஸ், என் கல்யாணத்துக்கு இந்தப் படத்ததான் எங்கம்மா காட்டும்” என்றாள். இன்னொருத்தி, “பொய்ப் பல்லு வேணாம், வாய மூடிக்கிட்டே எடுத்துக்கலாம்” என்றாள். கடைசியில் அவரவர் விருப்பம் என்று விட்டோம். ஒரு தாளில் பெயர் எழுதி ‘மாற்றவும்’, ‘மாற்றவேண்டாம்’ என்று டிக் போட்டார்கள். மாற்றவேண்டாம் என்றவர்களே அதிகம். அடுத்த மாத இதழின் முதல் பக்கக் கட்டுரையே ஃப்ளோரைடு பற்றித்தான். அதை எழுதியது ‘மாற்றவும்’ என்று டிக் போட்ட பெண்.

படத்துக்கு ஒப்புதல் வாங்குவதும் முக்கியம். பெண் பிள்ளைகளின் படத்தைப் பெயரோடு அச்சில் போட எல்லா வீட்டிலும் சம்மதிப்பதில்லை. ஒரு தகப்பனார் நேரில் வந்து, “படம் வேணாங்க டீச்சர், பேரு மட்டும் போடுங்க” என்றார். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டோம். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு சிறிய படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்கிவைத்தால் கடைசி நேரத்தில் பக்கத்தைக் கலைக்கவேண்டியதில்லை. கைபேசி எண், வீட்டு முகவரி இரண்டையும் யார் கேட்டாலும் மலரில் போடாதீர்கள். மாணவர்கள் தாங்களே எடுத்த படங்களை வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1600 பிக்சல் அகலமுள்ள படம் ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் தெளிவாக வரும். ஏ4 பக்கமோ எட்டேகால் அங்குலம். கைபேசியில் பளிச்சென்று தெரிவதை நம்பி முழுப்பக்கத்துக்கு இழுத்தால் முகம் மங்கிப்போகும்.

இப்போது பெயர்ப்பட்டியல். பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்தில் எல்லா மாணவர் பெயரும் இருக்கிறதே, அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அதில் தமிழ்ப் பெயர் பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ அவசரத்தில் அடித்ததாக இருக்கலாம். எங்கள் பகுதியில் மாதேஷ், மாதையன், மாதம்மாள் இல்லாத வகுப்பே கிடையாது. ஒரே வகுப்பில் மூன்று மாதேஷ், அதில் இரண்டு பேருக்கு முதலெழுத்தும் ‘மா’. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளின் பெயரை நாமாகத் தமிழில் எழுதினால் அவர்களுக்கே அடையாளம் தெரியாது. எங்கள் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. வகுப்பு வாரியாகப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே பார்த்து, தப்பிருந்தால் சிவப்பில் திருத்தி, எதிரே கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து இல்லாத பெயர் அச்சுக்குப் போகாது. அதன்பின் ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க என்று இரண்டிரண்டு பேராக மெய்ப்புப் பார்த்தார்கள். அச்சகம் கொடுத்த கடைசி ப்ரூஃபில் பெயர்ப் பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை. நானும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

பிப்ரவரிக் கடைசியில் கட்டுகள் வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால் அந்தப் பெயர்ப் பாரம் முழுவதும் சீரழிந்திருந்தது. ‘பெரியசாமி’யில் ‘பெ’யின் கொம்பு கழன்று ‘ரி’க்கு முன்னால் போய் நின்றது. ஜ, ஷ, ஸ வரும் இடமெல்லாம் வெற்றிடம், ராஜேஷும் புஷ்பாவும் பல் விழுந்த வாயைப் போல இருந்தார்கள். நாங்கள் கொடுத்தது யூனிகோடில். அந்த அச்சகம் வேலை செய்வது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுவார்கள். எங்களுக்குக் காட்டிய ப்ரூஃப் ஒரு கணினியில் எடுத்தது. பிளேட்டுக்குப் போனது வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்து மறுபடி மாற்றிய கோப்பு. கையெழுத்துப் போட்ட ப்ரூஃபை நீட்டினேன். “ஃபாண்ட் பிராப்ளம் மேடம், நாங்க என்ன பண்றது, சிவகாசில ஆனது” என்றார். சிவகாசிக்கு ஃபோன் போட்டால், “உங்க ஊர் பார்ட்டி குடுத்த ஃபைல்தான்” என்றார்கள். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. சுவரில் ஒட்டிய தாளில் முந்நூறு, நானூறு கையெழுத்து, அத்தனையும் வீண்.

இதற்கு வழி ரொம்பச் சுலபம் என்பதுதான் எரிச்சல். கடைசி ப்ரூஃபை பி.டி.எஃப்.-ஆக, எழுத்துகளை எல்லாம் கர்வாக மாற்றிக் கேளுங்கள். கர்வாக்கிவிட்டால் எழுத்து வெறும் கோட்டுருவம்தான், எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது. அந்தக் கோப்பில்தான் பிளேட் போடவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இன்டிசைன் பயன்படுத்தும் இடம் என்றால் யூனிகோடிலேயே பக்கம் கட்டலாம், ஆனால் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் அங்கும் கொம்பு இடம் மாறும். எந்த மென்பொருளானாலும் சோதிக்க ஒரு வரி போதும். ஸ்ரீ, ஜெ, ஷோ, க்ஷ, கௌ, ஙை எல்லாம் வரும்படி ஒரு வரியை எழுதிக் கொடுத்து, அச்சான தாளில் பாருங்கள். மெஷினில் ஓடிய முதல் தாளைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்க்காமல் மீதியை ஓட்டவிடாதீர்கள்.

பெயர்ப் பாரத்தை மட்டும் மறுபடி அடித்து, பைண்டிங்கைப் பிரித்து மாற்ற 12,500 ரூபாய். நான் கொடுக்காவிட்டால் வேலை நின்றுவிடும் நிலை. ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். பிழைதிருத்தத் தாள் ஒன்றை உள்ளே செருகிவிடலாம் என்றார் இன்னொருவர். குழுவிலிருந்த பையன் ஒருவன், “மிஸ், இதுல பாதி பேரு அச்சுல தன் பேரப் பாக்கறது இதான் மொத தடவ” என்றான். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

வாழ்த்துரைகளுக்காகக் காத்திருந்ததில் போன நாள்கள் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாரிகளிடம் வாழ்த்துரை கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் வராது. ஒரு பக்கத்துக்கு நாமே மாதிரி எழுதி எடுத்துக்கொண்டு போனால், ஒன்றிரண்டு சொல்லை மாற்றிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். வாழ்த்துரை வரும் முதல் பாரத்தைக் கடைசியாக அச்சிடச் சொல்லுங்கள், மற்ற பாரங்கள் அதுவரை ஓடட்டும். உள்ளூர்ப் பிரமுகர்கள் முதல் பக்கத்தில் தங்கள் படம் கேட்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ‘படம் ரேப்பரின் உள்பக்கத்தில் விளம்பரமாக மட்டும்’ என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிட்டால் தலைமையாசிரியருக்குச் சங்கடம் இருக்காது.

விளம்பரத்துக்கு உரக்கடை, மண்டி, பட்டுக்கூடு வியாபாரி, நகைக்கடை என்று 40,000 ரூபாய்க்கு வாக்குக் கிடைத்தது. வந்தது 27,000. புத்தகம் வந்த பிறகு வசூலுக்குப் போனால், “எங்க விளம்பரம் எங்க, கலர்ல வரலயே” என்று தொடங்கி “அடுத்த வாரம் வாங்க” என்று முடியும். பணம் வந்தால்தான் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூலுக்கு மாணவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். எண் போட்ட ரசீதுப் புத்தகத்தோடு ஆசிரியர் ஒருவர் போகவேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகம் 20,000, முன்னாள் மாணவர்கள் 12,000 கொடுத்தார்கள். ஆக வரவு 59,000. அச்சு 62,000, மறு அச்சு 12,500, படமும் வண்டி வாடகையும் 3,000. மொத்தச் செலவு 77,500. முதலில் சொன்ன 18,500 இப்படி வந்ததுதான். கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டு இரண்டு முன்னாள் மாணவர்கள் கொஞ்சம் கொடுக்க வந்தார்கள், அடுத்த மலருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

திருத்திய புத்தகம் வந்தபோது மார்ச் பொதுத்தேர்வும் முடிந்து 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் வேலைக்கும் ஊருக்கும் போய்விட்டார்கள். பாதிப் பேர் ஓசூரிலும் பெங்களூரிலும். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தவர்களிடம் கொடுத்தோம். வராதவர்களுக்குத் தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் மூலமாக அனுப்பினோம். சிலருடையது இன்னும் பீரோவில் இருக்கிறது.

இந்த ஆண்டும் மலர் உண்டு. 64 பக்கம், நான்கு பாரம், அதற்கு மேல் ஒரு பக்கம்கூடக் கிடையாது. மூன்று அச்சகங்களில் ஜூலையிலேயே எழுத்துமூலம் கொட்டேஷன் வாங்கியாயிற்று, மறு அச்சுச் செலவு அச்சகத்துடையது என்ற வரியோடு. அந்த வரிக்கு ஒத்துக்கொள்ளாதவரை விட்டுவிட்டோம், அவர்தான் விலை குறைவாகச் சொன்னவர். பெயர்ப்பட்டியல் ஆகஸ்டிலேயே சுவருக்குப் போய்விட்டது. ஒப்புதல் படிவம், விளம்பரக் கட்டண அட்டை, அச்சகத்துக்குக் கொடுக்கும் நிபந்தனைத் தாள் மூன்றையும் குழுப் பிள்ளைகள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரப் பள்ளி எதற்காவது வேண்டுமென்றால் வாங்கிக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.